தொண்ணூற்றைந்து மதிப்பெண்

போன வாரம் நம் கணக்கு வாத்தியாரை ரொம்பக் கேவலமான ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். மனைவியின் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த பச்சை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டிக் கடிதம் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை: நானும் உங்கள் கட்சிதான். ஆனால் பத்து வாரமாக ஒருத்தி யாரோ ஓர் அம்மாளிடம் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருகிறாள், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதில்லை என்றால், எந்தப் புருஷனுக்குத்தான் கை சும்மா இருக்கும்?

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கு இவ்வளவு போதும். எட்டு மாதம் முன்புவரை அவள் ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் சூப்பர்வைசர். ஒரு மத்தியானம் நீராவிக் குழாய் வெடித்து, துணி உலர்த்தும் அறையின் கதவு நெளிந்து இறுகிவிட்டது. உள்ளே நாற்பது நிமிடம் தனியாகக் கிடந்தாள். கையில் பட்ட காயம் ஆறிவிட்டது. ஆனால் சாத்திய கதவைப் பார்த்தால் இன்றைக்கும் மூச்சு முட்டுகிறது. சரியாகத் தூக்கமில்லை, சோறு இறங்குவதில்லை, சில நாள் எழுந்து தலைவாரிக்கொள்ளக்கூட மனசு வருவதில்லை.

ஹோட்டல் மேனேஜர் அவள் வேலையை இந்த மாதக் கடைசிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். அதற்குள் தேறித் திரும்பிவிட வேண்டும் என்றுதான் அவள் மனநல ஆலோசகர் ஒருவரிடம் சனிக்கிழமைதோறும் போகிறாள். அதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் வாத்தியாரும் அவருடைய அக்காவும் காலையில் சமையலறையில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் குளித்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பல மாதமாக அந்த வீட்டில் பகலில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. தண்ணீர் சத்தம் கேட்கிறவரை பேசலாம்.

"சீக்கிரம் காட்டுடா," என்றார் அக்கா.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஹெட் நர்ஸாக ரிடையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீடுதான் அவருக்கும் வீடு. விபத்துக்குப் பிறகு தம்பி மனைவிக்குக் கட்டு மாற்றியது, மாத்திரை கொடுத்தது, குளிப்பாட்டிவிட்டது எல்லாம் அவர்தான். அந்த நன்றி வீட்டில் எல்லோருக்கும் உண்டு. அது உண்டு என்பது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

வாத்தியார் தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். தலைப்பு எதுவும் இல்லை. அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் ஐந்தே வரிகள்.

அண்ணி – 10
மேடம் – 20
பிரஸ் மாஸ்டர் – 45
மேனேஜர் – 60
அவர் – 95

"இதென்னடா, மார்க் லிஸ்டா?"

"அப்படித்தான் தெரியுது."

"எனக்குப் பத்தா?" அக்காவின் குரல் ஏறியது. சட்டென்று குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "பச்சக் குழந்தையப் பார்க்கற மாதிரி பார்த்தேன்டா அவள. எனக்குப் பத்து!"

அடக்கிக்கொள்ளப் பார்த்தும் வாத்தியார் முகத்தில் ஒரு பூரிப்பு. இருபது வருடமாகப் பேப்பர் திருத்துகிறவர்; தன் கையால் தொண்ணூற்றைந்து போட்டது ஏழெட்டுத் தடவை இருந்தால் அதிகம். மிச்சம் ஐந்து எதற்குக் குறைந்தது என்ற யோசனைகூட அவருக்கு வந்துவிட்டது.

"இளிக்காதே," என்றார் அக்கா. "உனக்குத் தொண்ணூத்தஞ்சு போட்டவ, நீ பக்கத்துல வந்து உக்காந்தா ஏன் எழுந்து போறா? நீ ரூமுக்குள்ள வந்தா அவ ஏன் ஹாலுக்குப் போறா?"

பூரிப்பு இறங்கிவிட்டது.

"அப்புறம், மேனேஜருக்கு எதுக்கு அறுபது?"

"வேலைய இன்னும் வெச்சிருக்காரே, அதுக்கா இருக்கும்."

"ஓகோ! துணி தேய்க்கறவருக்கு நாப்பத்தஞ்சு, மேனேஜருக்கு அறுபது, கூடப் பொறந்த மாதிரி பார்த்துக்கிட்ட எனக்குப் பத்து. இதெல்லாம் அவளா எழுதலடா. அந்தம்மா எழுத வைக்குது. தனக்கு இருபதுன்னு போட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கு பாரு, அதுதான் சாமர்த்தியம். வீட்டு மனுஷங்களுக்கு மார்க் போடச் சொல்ற வைத்தியத்த என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, வெறும் பேச்சு! இன்னிக்கு மார்க்கு, நாளைக்கு வக்கீல் நோட்டீஸ்."

"அக்கா, நீ ஒண்ணு."

"நான் சொல்றதச் சொல்லிட்டேன். இன்னிக்குக் கூடப் போ. இனிமே வரமாட்டோம்னு அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வா."

தண்ணீர் சத்தம் நின்றது. தாள் மறுபடி சட்டைப்பைக்குள் போனது.

* * *

"நீங்க எதுக்கு வர்றீங்க? டியூஷன் இருக்கே," என்று கேட்டாள் அவள், பஸ் ஸ்டாப்பில்.

"ஒரு நாள் கூட வந்தா என்ன? எப்பப் பார்த்தாலும் தனியாப் போற."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த எட்டு மாதத்தில் அந்த வீட்டில் எல்லோரும் இந்தப் பார்வையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதில் வாங்குவதற்கு முன், இது எதற்காக என்று கண்ணால் ஒரு தடவை தேடுவார்கள்.

பஸ்ஸில் அவள் எப்போதும் படிக்கு அடுத்த சீட்டில்தான் உட்காருவாள். உட்கார்ந்ததும் பச்சை நோட்டை எடுத்துப் புரட்டினாள். பாதியில் கை நின்றது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். விரலால் நடுவில் தடவினாள்.

"என்னங்க, இதுல ஒரு தாளக் காணோம்."

"நல்லாப் பாரு, இருக்கும்."

"கிழிச்ச ஓரம் அப்படியே இருக்கு, பாருங்க."

வாத்தியார் எட்டிப் பார்த்தார். முதல் தடவை பார்ப்பதைப்போல் நன்றாகவே பார்த்தார். "நீயே கிழிச்சிருப்ப. எதையாவது குறிச்சு எங்கயாவது வெச்சிருப்ப."

"நானா? எதுக்கு?"

"அந்தத் தூக்க மாத்திரை போட்டா மறதி வரும்னு அக்கா சொல்லியிருக்காங்கல்ல."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவரிடம் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில், "அடுப்ப அணைச்சேனான்னு மூணு தடவ போய்ப் பார்க்கறேன். இப்ப இதுவுமா?" என்றாள். பேனாவை எடுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: தாள் கிழித்தது சுத்தமாக ஞாபகம் இல்லை. மேடத்திடம் சொல்ல வேண்டும்.

எழுதியதை வாத்தியாரும் படித்தார். இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது. ஒரு மனுஷன் உண்மையைச் சொல்ல நாலு ஸ்டாப் நேரம் தாராளமாகப் போதும். அவர் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

* * *

ஆலோசகரின் இடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல், முதல் மாடியில். முன்னால் சின்ன ஹால். மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர்க் கேன். உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன், யாரும் இல்லாத மூலையைப் பார்த்துக்கொண்டு முழு வேகத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி உள்ளே போனதும் வாத்தியார் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று வாங்க ஆளில்லாத இடத்தில் எதற்கு ஃபேன்? ரெண்டு நிமிடத்தில் விடை கிடைத்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அப்படி மறைத்துப் பேச என்ன இருக்கிறது? யாரைப் பற்றி?

கதவு நாலு விரல் அகலம் திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்கக் கீழே ஒரு மரக்கட்டை வைத்திருந்தார்கள். சரி, இங்கேயும் அப்படித்தானா என்று அவர் கொஞ்சம் சமாதானமானார்.

பத்து நிமிடம் போயிருக்கும். உள்ளிருந்து ஒரு கை வந்து மரக்கட்டையை எடுத்துக்கொண்டது. மனைவியின் கை. கதவு சாத்திக்கொண்டது.

வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். குளிக்கும்போது கதவுக்கு ஸ்டூல் போடுகிறவள்! இவள் ஒருத்திக்காக வீட்டில் மூன்று பேரும் பல மாதமாகக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு கொசுக்கடியில் கிடக்கிறார்கள்! இங்கே வந்தால் தன் கையாலேயே கட்டையை எடுத்துவிட்டுச் சாத்திக்கொள்கிறாளா? அப்படியானால் வீட்டில் நடப்பதெல்லாம் என்ன? அக்கா சொன்னது ஒவ்வொன்றும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

ஃபேனை அணைத்துவிட்டுக் கதவில் காதை வைத்தார். அறுபது வயதுக்காரப் பெண் ஒருத்தி தண்ணீர்க் கேன் மாற்ற வந்தவள், அவரைப் பார்த்துவிட்டு, பார்க்காததைப்போல் இறங்கிப் போய்விட்டாள்.

உள்ளே ஒரு குரல், "இப்ப எவ்வளவு?" என்றது.

"எழுபது." இது மனைவி.

"இருக்கலாமா?"

"இருக்கலாம்."

ஒரு நிமிடம் கழித்து, "எண்பது. எண்பது மேடம். இல்ல... எழுபத்தஞ்சு."

மறுபடியும் மார்க்! இப்போது யாருக்கு எண்பது? மேனேஜருக்கா? வாத்தியாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கதவைத் தள்ளித் திறந்தார்.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால்மேல் ரெண்டு கையையும் அழுத்தி வைத்திருந்தாள். நெற்றி முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. பக்கத்து நாற்காலியில், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி தொங்க, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் திறந்தீங்க?" என்றாள் மனைவி. அழுகை வந்துவிட்டது. "நாலு நிமிஷம் ஆச்சு. இன்னும் ஒரே நிமிஷம். ஏங்க திறந்தீங்க?"

எட்டு மாதத்தில் கதவைத் திறந்ததற்காக அவள் அழுதது இதுதான் முதல் தடவை. வாத்தியாருக்கு அது புரியவில்லை. அவர் வேறு கணக்கில் இருந்தார்.

"சார், கொஞ்சம் வெளியில உக்காருங்க. முடிச்சிட்டுப் பேசலாம்," என்றார் ஆலோசகர்.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். இன்னியோட நிறுத்திக்கறோம். அதச் சொல்லத்தான் வந்தேன். இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். என்ன பேசறீங்க இவகிட்ட?"

"அத அவங்க சொல்லலாம். அவங்க சொல்லச் சொன்னா நான் சொல்லலாம். இல்லன்னா நான் சொல்லக்கூடாது."

"புருஷன்கிட்டகூடச் சொல்லக்கூடாதா? எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கேன்." வாத்தியார் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து உதறிப் பிரித்தார். "வீட்டு மனுஷங்களுக்கு மார்க் போட வெக்கறீங்களே, இது என்ன வைத்தியம்?"

தாளைப் பார்த்ததும் மனைவியின் அழுகை நின்றுவிட்டது. அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. கிழிந்த ஓரத்தைப் பார்த்தாள்.

"இது உங்ககிட்டயா இருந்தது?"

"அது இருக்கட்டும். நான் எனக்காகப் பேசல. எனக்குத் தொண்ணூத்தஞ்சு போட்டிருக்க, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அக்காவுக்குப் பத்து போட்டியே, அது நியாயமா?"

அவள் அவரையே பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றபோது முகம் இன்னும் மோசமாக இருந்தது.

"மார்க்குன்னா நெனச்சீங்க?"

பச்சை நோட்டை எடுத்து, கிழிந்த இடத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினாள். பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அவசரத்தில் அவர் பார்க்காமல் விட்ட தலைப்பு.

யாரோடு ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க எனக்கு எவ்வளவு பயம்? நூற்றுக்கு.

வாத்தியார் ஒரு தடவை படித்தார். தாளைப் பார்த்தார். மறுபடி படித்தார். யாரும் உட்காரச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி ராங்க்குக்காரனை முதல் ராங்க் என்று நினைத்துக்கொண்டு காலையிலிருந்து மனசுக்குள் மாலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"நான் உன்ன ஒரு நாள் கை நீட்டி அடிச்சதில்லையே," என்றார் மெதுவாக.

"இல்ல."

"பின்ன ஏன்?"

"பூட்டினீங்களே."

ஆலோசகர் அவளைப் பார்த்து, "இப்பப் பேசணுமா? இன்னொரு நாள்கூட..." என்று ஆரம்பித்தார். அவள் தலையை ஆட்டினாள். "இல்ல மேடம். இப்பவே பேசிடறேன். இவர் தெரிஞ்சுக்கட்டும்."

விபத்து நடந்த மூன்றாவது மாதம் அது. ஒரு மத்தியானம் அவள் செருப்புக்கூடப் போடாமல் வீட்டை விட்டு இறங்கிப்போய் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வாத்தியார் நடுங்கிப்போனார். வார்டில் இப்படி எழுந்து ஓடுகிறவர்களை வெளியே தாழ் போட்ட அறையில்தான் வைப்போம், அவர்கள் நல்லதுக்குத்தான் என்று அக்கா சொன்னார். வாத்தியாரே கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கம் திருகினார். அப்போது அக்காவும் காலை வேளையில் ஒரு கிளினிக்குக்குப் பார்ட் டைம் போய்க்கொண்டிருந்தார். இவர் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வீட்டில் ஆள் கிடையாது.

"தப்புதான்," என்றார் வாத்தியார். "இல்லன்னு சொல்லல. வேற வழி தெரியல எனக்கு. நீ ரோட்டுல எங்கயாவது அடிபட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். ஆனா நாலு நாள்தாம்மா. நாலாவது நாள் நீ கதவத் தட்டின சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கு. அதோட விட்டுட்டேன்."

"பதினோரு நாள்."

"இல்லம்மா, நாலு."

"பதினோரு நாளுங்க." அவள் நோட்டில் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். தேதி தேதியாக எழுதியிருந்தது. "மொத நாலு. அப்புறம் நீங்க பேப்பர் திருத்த வெளியூர் போன ஏழு நாள்."

வாத்தியார் தேதிகளைப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் புரியவில்லை.

"அந்த ஏழு நாளும் நான் ஊர்லயே இல்லையே!"

"நீங்க இல்ல. போன்ல சொன்னீங்க. தினம் காலைல அண்ணிக்குப் போன் பண்ணி, பூட்டிட்டுப் போகச் சொன்னீங்க. அவங்களுக்குத்தான் மனசு கேக்காம மத்தியானம் ஓடி வந்து திறந்துவிடுவாங்க. காபி போட்டுக் குடுத்துட்டு அவங்களும் உக்காந்து அழுவாங்க. என் தம்பி இப்படி மாறுவான்னு நான் நெனக்கலம்மான்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க."

"நான் போன் பண்ணினது நீ சாப்பிட்டியான்னு கேக்க! பூட்டச் சொல்லவே இல்ல. இனிமே பூட்டக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். திரும்பி வந்த அன்னிக்கே அந்தத் தாழ்ப்பாளக் கழட்டி எறிஞ்சேனே, உனக்கு ஞாபகம் இல்லையா?"

"எனக்கு ஞாபகம் இல்லையான்னு கேக்காதீங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அரை மணி நேரம் முன்னாடி பஸ்ல இப்படித்தான் சொன்னீங்க. நீயே கிழிச்சிருப்ப, மறந்திருப்பன்னு. தாள் உங்க பையிலயே இருந்தது. நான் நம்பினேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நெனச்சு நோட்டுல எழுதினேன். நான் எழுதறதப் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா நான் அத எப்படிங்க நம்பறது?"

வாத்தியார் வாழ்க்கையில் முதல் தடவையாக நூற்றுக்கு நூறு உண்மையைச் சொல்லிவிட்டு, நம்பச் சொல்லிக் கேட்க வாய் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆலோசகரைப் பார்த்தார். அவராவது ஏதாவது சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

"யார் சொல்றது நிஜம்னு எனக்குத் தெரியாது சார்," என்றார் ஆலோசகர். "கண்டுபிடிக்கறது என் வேலையும் இல்ல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். போன மாசம் இந்தக் கதவ மூடினா இவங்களால பத்து செகண்ட் உக்கார முடியல. இன்னிக்கு நாலு நிமிஷம் உக்காந்தாங்க. எண்பதுக்குப் போன பயம் எழுபத்தஞ்சுக்கு இறங்கிச்சு, நீங்க கேட்டிருப்பீங்க. ஓடாம உக்காந்திருந்தா அது தானா இறங்கும்னு அவங்களே பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

"நான் நிறுத்தச் சொல்லத்தான்..." என்று வாத்தியார் இழுத்தார்.

"தெரியும்," என்றாள் மனைவி. "காலைல ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினது கேட்டுது. என்னன்னு காதுல விழல, எதுக்குன்னு புரிஞ்சுது. கதவெல்லாம் திறந்து கிடக்கற வீட்டுல ரகசியம் பேசறீங்களே! அடுத்த சனிக்கிழமையும் நான் வருவேன். மாசக் கடைசில லாண்டரிக்கும் போவேன். நீங்க நிறுத்தினா நிக்கறதுக்கு இது உங்க டியூஷன் இல்ல."

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் மொதல்ல வீட்டுக்குப் போறேன். நீங்க அடுத்த பஸ்ல வாங்க. நடுவுல அண்ணிக்கு நீங்க பேசக்கூடாது."

"என்ன அவ்வளவு நம்பலையா நீ?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் போனை எடுத்துக் கொடுத்தார்.

"இன்னிக்கே கேக்கணும்னு இல்ல," என்றார் ஆலோசகர். "ரொம்பக் களைச்சிருக்கீங்க. அடுத்த வாரம் பேசி, எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சு..."

"இல்ல மேடம். இந்த வீட்டுல எனக்குப் பயமே இல்லாத ஒரே ஆளு அவங்கதான். அது சரியா தப்பான்னு தெரியாம என்னால இன்னிக்கு அவங்க குடுக்கற காபியக் குடிக்க முடியாது."

* * *

வீட்டு வாசல் கதவு வழக்கம்போல் விரியத் திறந்திருந்தது. அக்கா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. அவன் எங்கே?"

"பின்னாடி வர்றாரு."

அவள் உள்ளே வந்தாள். திரும்பி, வாசல் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைத் தள்ளினாள். கை வழுக்கியது. இன்னொரு தடவை தள்ளினாள். விழுந்தது.

அறுபத்தைந்து, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அக்கா கத்தியைப் பாதியில் நிறுத்தினார். "ஏய், என்ன பண்ற? திறம்மா கதவ. உனக்கு மூச்சு முட்டும்."

"முட்டட்டும் அண்ணி."

"என்ன சொல்லிக் குடுத்தா அந்தம்மா? வேர்த்துக் கொட்டுது பாரு உனக்கு. நான் வந்து திறக்கறேன், நீ உக்காரு."

அக்கா தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். எழுபது. எழுபத்தைந்து. இந்த முகம்தானே மத்தியானத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தது, இந்தக் கைதானே தலையைத் தடவியது என்று நினைத்துக்கொண்டாள். தான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் மனசார ஆசைப்பட்டாள்.

"அண்ணி, அவர் பேப்பர் திருத்தப் போன வாரம். தினம் காலைல போன் பண்ணினாரே, என்ன சொன்னாரு?"

அக்கா நின்றுவிட்டார். இருபத்தெட்டு வருடம் வார்டில் ஆயிரம் முகங்களைப் படித்த கண், அவள் முகத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தது. அவள் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தது. சாத்திய கதவைப் பார்த்து அவர் பயந்தது இதுதான் முதல் தடவை.

"அவன் சொல்லிட்டானா?" என்றார் அக்கா.

பூட்டச் சொல்லித்தான் போன் வந்தது என்றால், இதில் அவர் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? எண்பது. எண்பத்தைந்து. அவள் தாழ்ப்பாள் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை.

"எத அண்ணி?"